அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 35 வயது. கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறார். மாதம் 17,000 ரூபாய், சனிக்கிழமைகளில் பிரித்துக் கொடுப்பார்கள். 2025 ஆகஸ்டில் பெடலை ஒருமுறை மிதித்ததற்கு மிஷின் இரண்டு முறை இறங்கிவிட்டது. வலது கை ஆள்காட்டி விரல் முழுசாகப் போய்விட்டது. நடுவிரலைத் தைத்துக் காப்பாற்றினார்கள், ஆனால் மடங்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் 1,86,000 ரூபாய் ஆனது. ஓனர் 20,000 கொடுத்தார். மீதிக்கு நகையை அடகு வைத்தோம். இன்னொரு ஆபரேஷன் செய்தால் நடுவிரல் மடங்கும் என்கிறார் டாக்டர். கையில் காசில்லை. இப்போது ஓனர், "இன்னும் 50,000 தருகிறேன், இனி எந்தப் பாக்கியும் இல்லையென்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார். இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டால், "எட்டுப் பேர்தான் இருக்கிறோம், நமக்கு அது வராது" என்கிறார். வடநாட்டுப் பையன்களைச் சேர்த்தால் 14 பேர். "அவர் கவனமா இருந்திருந்தா இது நடந்திருக்காதுங்க" என்றும் சொல்கிறார். என்ன செய்வது?
— வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்தப் பத்திரத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. தொகை பேசி முடிப்பதென்றால், அந்த உடன்படிக்கையை இழப்பீட்டு ஆணையரிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று பட்டால் பதிவு செய்ய மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பட்டறை ஆபீஸில் மேஜைமேல் வைத்து எழுதுகிற பத்திரத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

கவனக்குறைவு என்ற பேச்சுக்கும் அதே பதில்தான். வேலை நேரத்தில், வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி பொறுப்பு. குடித்திருந்தார், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றினார் என்பது போன்ற சில காரணங்களை மட்டும்தான் சட்டம் ஏற்கிறது. அதையும் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். ஒருமுறை மிதித்ததற்கு இரண்டு முறை இறங்கும் பிரஸ், பராமரிப்பு இல்லாத பிரஸ். அதில் உங்கள் கணவரின் தவறு என்ன இருக்கிறது?

சரி, இப்போது முக்கியமான விஷயம்: எட்டுப் பேரா, பதினான்கு பேரா? உங்கள் வழக்கு போகிற பாதையே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பட்டறையில் பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. சட்டம், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தத்தில் வருபவர்கள், கையில் கூலி வாங்குபவர்கள், வடமாநிலத்துப் பையன்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். உங்கள் கணவரின் சம்பளமும் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருக்கிறது. ஓனர் பதிவு செய்யாமல் விட்டதோ சந்தா கட்டாமல் விட்டதோ உங்கள் கணவரின் குற்றம் ஆகாது. விபத்து நாளில் சந்தா கட்டியிருக்கவில்லை என்பதற்காகத் தொழிலாளி காப்பீடு இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் பலனைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

இ.எஸ்.ஐ. வந்தால் என்ன கிடைக்கும்? வேலையில் பட்ட காயத்துக்கு, எத்தனை மாதம் சந்தா கட்டினார் என்ற கணக்கே இல்லாமல் சிகிச்சை உண்டு. இரண்டாவது ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் அதில் அடக்கம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு சதவீதம் நிர்ணயித்ததும் மாதா மாதம் ஆயுள் முழுக்க ஒரு தொகை. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் அட்டவணைப்படி 14 சதவீத இழப்பு. 17,000 சம்பளத்துக்கு அந்த ஒரு விரலுக்கு மட்டும் மாதம் சுமார் 2,100 ரூபாய் வரும். மடங்காத நடுவிரலுக்குத் தனியாகச் சதவீதம் கேட்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

உண்மையிலேயே எட்டுப் பேர்தான் என்று ஆகிவிட்டால், பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். பட்டறைகளில் 'டபிள்யூ.சி. கேஸ்' என்பார்களே, அதுதான். அதில் கணக்கு வேறு. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அது 197.06. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் 15,000-க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் உங்கள் கணவரின் 17,000-ம் 15,000 ஆகிவிடும். 9,000 x 197.06 = 17,73,540. அதில் 14 சதவீதம் 2,48,295 ரூபாய். நடுவிரலுக்கு டாக்டர் தரும் சதவீதம் இதற்கு மேல். பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். ஓனர் நீட்டுகிற 50,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு சட்டத்திலும் சேர்த்து வாங்க முடியாது. என் யோசனை, முதலில் இ.எஸ்.ஐ. பாதை. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனின் கோவை துணை மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். விபத்து நடந்த நாள், நேரம், எந்த மிஷின், கூட வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அதிகாரி பட்டறைக்கு வந்து பார்ப்பார். வருவது தெரிந்தால் அன்றைக்குப் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். ஆகவே இப்போதே ஆதாரம் சேருங்கள். பட்டறை வாட்ஸ்அப் குழு, ஆயுத பூஜை போட்டோ, ஜிபேயில் சம்பளம் வந்த பதிவு. ஒரு வழக்கில் ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்து எல்லோரும் நின்று எடுத்த போட்டோதான் பதினோரு பேர் என்று எங்களுக்கு நிரூபித்துக் கொடுத்தது. இ.எஸ்.ஐ. மறுத்துவிட்டால் இழப்பீட்டு ஆணையரிடம் போக வேண்டியிருக்கும். அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம், அதாவது 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. அந்தக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். அங்கே ஆணையராக இருப்பவர் தொழிலாளர் துறை அதிகாரிதான். 2025 நவம்பர் 21-ல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்ததாகப் படித்திருப்பீர்கள். விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டதால் உங்கள் உரிமை பழைய சட்டங்களின்படிதான்.

இப்போது அந்த 1,86,000-க்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. விரலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று விலை எழுதி வைத்த அந்தச் சட்டத்தில், ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பது என்பதற்கு இடமே இல்லை. 2009-ல் திருத்தினார்கள், 2010 ஜனவரி 18-ல் அமலுக்கு வந்தது. 'தொழிலாளர்' என்ற பெயரை 'பணியாளர்' என்று மாற்றியதைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் 4(2ஏ) என்ற சின்ன உட்பிரிவு: வேலையில் பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். உச்சவரம்பு கிடையாது. இது இழப்பீட்டுக்கு மேல் தனி. ஓனர் கொடுத்த 20,000 சிகிச்சைக்காகக் கொடுத்தது, ஆகவே அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. மருத்துவச் செலவுக் கணக்கில் மட்டும்தான் கழியும். டபிள்யூ.சி. பாதையில் போனால் மீதி 1,66,000-ஐயும் கேட்கலாம். இ.எஸ்.ஐ. பாதையில், அவசரத்தில் தனியாரில் சேர்த்தோம் என்று எழுதிச் செலவைக் கேட்க வழி உண்டு. ஆனால் முழுத் தொகையும் வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

எந்தப் பாதையானாலும் பில் வேண்டும். மருந்துக் கடை பில் எல்லாம் மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறீர்களா? அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் மிஷினில் அடித்துக் கொடுக்கிற வழவழப்பான காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மா, மகனுடைய பில்களை ரப்பர் பேண்டு போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். விசாரணை நாளில் பிரித்தால் பாதி வெறும் வெள்ளைக் காகிதம். ஆணையர் அலுவலக ஊழியர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிலவற்றில் கடைப் பெயர் தெரிந்தது, தொகை தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. முதல் நாளே ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லாதது என் தவறு. இன்று என்னிடம் யார் வந்தாலும் உட்கார வைப்பதற்கு முன் பில்லைத்தான் கேட்கிறேன்.

அதோடு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்றால் தெரியும். அதில் எப்படி அடிபட்டது என்று ஒரு வரி இருக்கும். விரல் துண்டான வலியில் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை, கூட வந்த சூப்பர்வைசர் சொல்வதைத்தான் டியூட்டி டாக்டர் எழுதுவார். "வண்டியில் விழுந்துட்டான்", "வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு" என்றெல்லாம் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் கலங்க வேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரின் குறிப்பில் காயத்தின் தன்மை இருக்கும், பிரஸ்ஸில் நசுங்கிய விரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

ஓனரிடம் இழப்பீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியையும் வழக்கில் சேர்க்கலாம். ஆனால் மருத்துவச் செலவைத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் பல பாலிசிகள் கொடுக்கும். சிறு பட்டறைக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பாலிசி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள், பில் வரும்போது கம்பெனி கைவிரித்துவிடும். அப்புறம் கோபமெல்லாம் தொழிலாளி மேல் திரும்பும்.

இத்தனையும் சொன்ன பிறகும், இன்னொரு ஆபரேஷனுக்குக் கையில் காசில்லை என்றீர்களே, அதற்குச் சட்டத்தில் நேரான பதில் இல்லை. செலவைத் 'திருப்பி' வாங்கலாம் என்கிறது சட்டம். திருப்பி வாங்க முதலில் செலவு செய்திருக்க வேண்டும். அடகு வைக்க நகை இருந்தவருக்கு இந்த உரிமை பயன்படும். நகை இல்லாதவருக்கு? அவர் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், விரல் விறைத்துப் போகும், சட்டம் அவருக்குத் திருப்பித் தர ஒன்றுமே இருக்காது. ஆணையர் மூன்று மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று அதே 2009 திருத்தம் சொல்கிறது. என் அனுபவத்தில் அப்படி முடிந்த வழக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு, மூன்று வருடம் ஆகிறது. விரல் அதுவரை காத்திருக்காது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. இந்த மாநிலத்துக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. யார் மேல் தப்பு, எந்த வண்டி என்றெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உயிர் முதலில். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: உங்கள் கணவர் பட்டறை வாசலில் பைக்கில் விழுந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பிரஸ்ஸில் கை கொடுத்ததால் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள்.

வேலையில் படும் காயத்துக்கும் இதே போல ஒன்று வேண்டும் என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். முதலில் சிகிச்சை, பிறகு வசூல். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2004-ல் இப்படிச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளி கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்தால் ஒரு வேலை நாளுக்குள் சிகிச்சைக்கு அனுமதி தர வேண்டும். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவாகும் வரை 10,000 டாலர் வரை செலவை முதலாளி தரப்புதான் ஏற்க வேண்டும். பிறகு மறுத்தாலும் அந்த நாட்களின் சிகிச்சை தொழிலாளிக்குக் கிடைத்துவிட்டது அல்லவா? நம் சட்டத்திலும் அதற்கு ஒரு விதை இருக்கிறது. தான் ஒப்புக்கொள்ளும் அளவுக்கான பணத்தை முதலாளி வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்காலமாகக் கட்ட வேண்டும் என்கிறது 4ஏ பிரிவு. மருத்துவச் செலவுக்கு அதைக் கட்டாயமாக்கி, முதல் ஆபரேஷன், இரண்டாவது ஆபரேஷன், பிசியோதெரபி மூன்றுக்கும் ஒரு நிதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் போகும்படி செய்தால் போதும். முதலாளியிடம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கும் அதிகாரம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பிசியோதெரபியை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். போய்வரப் பஸ் காசு, ஒரு நாள் கூலி போகும் என்று நான்கு நாள் போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். நன்றாகத் தைத்த விரலும் அதனால்தான் விறைத்துவிடுகிறது.

புதிய சட்டத் தொகுப்பில் ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. ஆபத்தான வேலை என்று அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. கட்டாயம் ஆக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடங்கள் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் தாமாகவே சேரலாம். பவர் பிரஸ் ஓடும் ஒவ்வொரு பட்டறையும் அந்தக் கட்டாயத்துக்குள் வர வேண்டும். எட்டுப் பேர், பதினான்கு பேர் என்று தலை எண்ணுகிற இந்தச் சண்டையே அப்புறம் வேண்டியிருக்காது.

இதைப் படிக்கும் மற்ற பட்டறைத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. விரல் துண்டாகிவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் கெட்டுப்போகும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-லிருந்தே கைக்கென்று தனித் துறை இருக்கிறது.

இனி உங்கள் கணவரின் நடுவிரல். வழக்கு முடியட்டும், பணம் வரட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். தனியாரில்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. இந்த வாரமே எல்லாக் காகிதங்களோடும் கோவை அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேலைக்குப் போனபோது நீங்கள் அந்த வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். இப்போது அவர் வருமானம் நின்றுபோயிருக்கிறது, அதைச் சொல்லிப் புதிதாக வருமானச் சான்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்ததும் சிகிச்சையை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடமை இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள். போகும்போது பில் நகல்கள், ஏ.ஆர். காப்பி, ஜிபே பதிவு, ஓனர் நீட்டிய அந்தப் பத்திரத்தின் நகல் கிடைத்தால் அதுவும் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் அவரே விபத்து பட்டறையில் நடந்தது என்று எழுதியிருப்பார்.